பெரட்டுக்கு வந்த டிராகன்

இப்போதெல்லாம் டிராகன்களுக்கு முள் கூடிவிட்டது. அண்மையில் கொழும்பில் ஒரு கடையில், பூதம் பிசாசுகளோடு சண்டையிடும் கற்பனை விளையாட்டுப் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டு நின்றேன். வாங்குவதற்கல்ல, எனக்கு இது புரட்டுகிற வயது. பக்கத்துக்குப் பக்கம் டிராகன். நெற்றியில் முள், முதுகில் முள், முழங்கையில் முள், வால் நுனியில் ஒரு கொத்து முள். அது எப்படிப் புரண்டு படுக்கும் என்று வரைந்தவர் யோசித்ததாகத் தெரியவில்லை. வாயும் எந்நேரமும் திறந்தே இருக்கிறது, பல் வைத்தியர் முன்னால் உட்கார்ந்திருப்பதைப் போல.

இந்த விஷயத்தில் கருத்துச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. நானும் சில டிராகன்களை வரைந்திருக்கிறேன். ஒன்றைத் தவிர எல்லாமே நிராகரிக்கப்பட்டவை.

எண்பதுகளின் தொடக்கம். ஹட்டனில் ஒரு பாடசாலையில் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டு, கடைத்தெருவுக்குப் பின்னால் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். தேவாலயத்தின் மூலமாக வந்து எங்களோடு படிப்பித்த இங்கிலாந்து இளைஞர் ஒருவர், ஊர் திரும்பும்போது தன் கம்பளிப் போர்வையையும் ஒரு விளையாட்டுப் பெட்டியையும் என்னிடம் விட்டுச் சென்றார். போர்வையைப் பற்றி எனக்கு இன்றுவரை குறையில்லை. பெட்டிக்குள் பல முகங்கள் கொண்ட பகடைகளும் ஒரு விதிப் புத்தகமும் இருந்தன. ஆளுக்கொரு வீரனோ வைத்தியனோ ஆகி, குகைக்குள் போய்ப் பூதங்களை வெல்வதாகப் பேசிப் பேசியே ஆடும் ஆட்டம். ஒருவர் நடுவராக இருந்து கதை சொல்லவேண்டும். பூதங்களுக்காகவும் அவரே பேசவேண்டும். யாரும் கேட்காமலே பேசுகிறவன் என்பதால் அந்தப் பதவி எனக்கு வந்தது.

ஆட வந்தவர்கள் இரண்டு பேர். இருவரும் டிக்கோயாப் பக்கம், நான் பிறந்த தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள். ஒருவர் கண்டாக்கு; மலையில் வேலை பிரித்துக் கொடுத்து மேற்பார்க்கிறவர். ஆட்டத்தில் அவர் வாள் ஏந்திய வீரன். மற்றவர் தோட்டத்து மருத்துவமாது. எல்லோருக்கும் அவர் மிஸி. பாதித் தோட்டத்தை இந்த உலகத்துக்குக் கொண்டுவந்தவர், ஆட்டத்திலும் வைத்தியச்சிதான். ஞாயிறு பின்னேரங்களில் என் அறையில் கூடுவோம். கடைசி பஸ்ஸுக்கு முன் கலைவோம்.

ஆட்டத்தில் எங்களுக்கென்று ஒரு விதி உண்டாயிற்று. தோட்டத்தில் காலையில் பேர் பதியும் இடத்துக்குப் பெரட்டு என்று பெயர். பெரட்டுக்கு வராதவருக்கு அன்றைக்குப் பேர் கிடையாது. மலையில் போய் நாளெல்லாம் கொழுந்து பறித்தாலும் வேலை செய்ததாகாது. கண்டாக்கு இதைப் பூதங்களுக்கும் பொருத்தினார்.

“படம் மேசைக்கு வரணுங்க மாஸ்டர். பெரட்டுக்கு வராத பூதத்தோட நான் சண்டை போட மாட்டேன்.”

புத்தகத்துப் படங்களை வைத்துச் சமாளித்து வந்தேன். ஆனால் டிராகன் இருந்தது அட்டையில். அட்டையை ஹட்டனின் ஈரமும் பூஞ்சணமும் தின்றுவிட்டிருந்தன. மிஞ்சியது ஒரு நகம்.

அந்த நேரத்தில்தான், தோட்டத்து மக்களை இந்தியாவுக்கு அனுப்பும் ஒப்பந்தத்தில், கண்டாக்குக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்தது. குடும்பத்தோடு புறப்பட வேண்டும். ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி ஏறுவதற்குள் மிச்சமிருந்தது நாலைந்து ஞாயிறுதான்.

“இங்க நான் கையில எடுத்த எதையும் முடிச்சதில்லீங்க மாஸ்டர்,” என்றார். “போறதுக்குள்ள அந்த டிராகனையாச்சும் முடிச்சிட்டுப் போயிடணும்.”

வரைய உட்கார்ந்தேன். முதலில் தேவாலயத்துச் சுரூபத்தில், சம்மனசு என்னும் தேவதூதரின் காலடியில் கிடக்கும் பிராணியைப் பார்த்து வரைந்தேன். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற மிஸியே அதைத் தள்ளிவிட்டார்.

“இது மிதி வாங்குறதுக்குன்னே பொறந்த மூஞ்சிங்க. பாத்தா எனக்கே பாவமா இருக்கு.”

அடுத்த வாரம் கோயில் தூணில் இருக்கும் யாளிக்குச் சிறகு வைத்துக் கொண்டுவந்தேன்.

“இது தூணைத் தாங்கிக்கிட்டு நிக்குற ஜீவனுங்க,” என்றார் கண்டாக்கு. “வேலையில நிக்குறதப் போயி வெட்டுறதா?”

அதற்கடுத்தது சீனத்து டிராகன். நீண்ட உடல், மீசை, சுற்றிலும் மேகம்.

“எங்க வீட்டு பிளாஸ்க்குல இருக்குறவரு,” என்றார். “தெனம் அவருகிட்டதான் வெந்நித் தண்ணி வாங்கிக் குடிக்கிறேன்.”

கடைசியில், எந்த மதத்தையும் எந்த நாட்டையும் நம்பாமல், என் சொந்த மூளையிலிருந்து ஒன்றை வரைந்தேன். இன்று கடைகளில் இருப்பது போலவே உடம்பெல்லாம் முள், வாயெல்லாம் நெருப்பு. காலத்தை முந்தி நடந்த கலைஞன் என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். கண்டாக்கு படத்தைத் தூரப் பிடித்துப் பார்த்தார்.

“கவாத்து வெட்டாம விட்ட தேயிலை மாதிரி இருக்குங்க.”

மிஸி சிரித்த சிரிப்பில் பகடை உருண்டு கட்டிலுக்கடியில் போனது.

எஞ்சியிருந்தது ஒரே ஞாயிறு. அந்த வாரம் எனக்குக் கையும் ஓய்ந்துவிட்டது, கற்பனையும் ஓய்ந்துவிட்டது. முள் போடச் சோம்பலாக இருந்ததால் முள் இல்லை. வாயைத் திறந்தால் பல் வரைய வேண்டும்; மூடிவிட்டேன். சிறகை மடக்கி, முன்னங்கால் மேல் நாடியை வைத்துப் படுக்கவிட்டேன். மூக்கிலிருந்து மெல்லிய புகை. பாதி மூடிய கண், பார்க்கிறவரின் தலைக்குச் சற்று மேலே எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. அவ்வளவுதான். நேரமில்லாமல் முடிந்த படம்.

மேசையில் வைத்தேன். கண்டாக்கு குனிந்து பார்த்தார். பார்த்தவர் எழும்பி நின்றார். கை தானாகப் போய்த் தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டது.

“என்னாங்க கண்டாக்கையா, பஸ்ஸா வந்துருச்சு?” என்றார் மிஸி.

அவர் தன் கால்களைக் குனிந்து பார்த்தார், வேறு யாரோ தூக்கி நிறுத்திவிட்டதைப் போல.

“மாஸ்டர், இது நம்ம தொரைங்க.”

நானும் பார்த்தேன். உண்மைதான். தோட்டத்தை ஆளும் துரை பின்னேரத்தில் பங்களா வராந்தாவில், சுங்கான் குழாயில் புகை விட்டபடி சாய்ந்திருக்கும் தோற்றம். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று சின்ன வயதில் பார்த்தது விரல் வழியாக இறங்கியிருக்கிறது. அப்போது வெள்ளைக்காரத் துரை. பிறகு வந்தவர்கள் நம் நாட்டுக்காரர்கள். நாற்காலியோடு அந்தப் பார்வையும் கைமாறியிருந்தது. டிராகன் எப்படி இருக்கவேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அது நம்மைப் பார்த்து வாய் பிளக்கக் கூடாது. நாம் வந்ததையே கவனிக்காததைப் போல இருக்கவேண்டும்.

“மூஞ்சிய மாத்தித் தரவாங்க?” என்று கேட்டேன்.

“வேணாங்க. பெரட்டுக்கு வந்துருச்சுல்ல, பேரப் போடுங்க.”

ஆட்டம் தொடங்கியது. வீரன் குகைக்குள் நுழைந்துவிட்டான். என்ன செய்கிறான் என்று கேட்டேன்.

“நிக்குறான்,” என்றார் கண்டாக்கு, நின்றபடியே.

“வெட்டலீங்களா?”

“நின்னுகிட்டு வெட்ட வராதுங்க. இந்தச் சர்வீஸ் பூரா தொரைக்கு முன்னாடி நான் ஒக்காந்ததே கெடையாது. மொதல்ல ஒக்காரணும்.”

“அப்ப ஒக்காருங்க.”

“அவரு சொல்லணும்ல?”

“நல்லா இருக்கு!” என்றார் மிஸி. “கழுத்த வெட்ட வந்தவரு உத்தரவு கேக்குறாரு. அங்கன ஒரு கல்லு கெடக்கும், இழுத்துப் போட்டு ஒக்காருங்க.”

விதிப் புத்தகத்தைப் புரட்டினேன். டிராகனின் நகத்துக்கு, வாலுக்கு, நெருப்புக்கெல்லாம் விதி இருந்தது. அதன் முன்னால் உட்காருவதற்கு இல்லை. இங்கிலாந்தில் அது சிரமமான காரியமாக இருந்திருக்காது. எனவே இருபது முகப் பகடையைப் போடச் சொன்னேன். பத்துக்கு மேல் விழுந்தால் உட்காரலாம்.

அவர் பகடையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். போட்டார். பதினேழு.

நாற்காலியை இழுத்து, மெதுவாக உட்கார்ந்தார். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார்.

அதற்குப் பிறகு சண்டை ஒன்றும் பெரிதாக இல்லை. டிராகனின் சார்பில் நான் ஊதிய நெருப்பு இரண்டு முறையும் தவறிப்போனது. மூன்றாவது வீச்சில் டிராகன் செத்தது, படுத்த இடத்தை விட்டு அசையாமலே. மருந்தோடு காத்திருந்த மிஸிக்குத்தான் ஏமாற்றம்.

“ஒரு கீறல்கூட இல்ல. நா எதுக்கு வந்தேன்?”

கீழே டிக்கோயாவுக்குப் போகும் கடைசி பஸ் ஹோர்ன் அடித்தது. மிஸி குடையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

“வாங்க கண்டாக்கையா, பஸ்ஸுக்காரன் போயிடப் போறான்.”

“நீங்க போங்க மிஸி. நா நடந்தே வாறேன்,” என்றார் அவர்.

தனக்கு ஒரு சாயத்தண்ணி, பாலில்லாத தேநீர், ஊற்றும்படி என்னிடம் சொன்னார். ஊற்றிக் கொடுத்தேன். அவர் படத்தை நேராகத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, கால்மேல் கால் போட்டு, ஒவ்வொரு மிடறாகக் குடித்தார்.