மகன் வீட்டுக்குப் போன கார்

முதன்முதலாக நான் காரில் ஏறியது அப்புச்சி சாகக் கிடந்த அன்றுதான். அன்று எனக்கிருந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அம்மாவைப் பெற்ற அப்புச்சி வைத்தியத்துக்கென்று திருப்பூருக்கு வந்து எங்களோடேயே தங்கிவிட்டவர். வீட்டை ஒட்டியே அப்பாவின் பனியன் பட்டறை. இயந்திரங்கள் ஓடும்வரை நன்றாகத் தூங்குவார். அவை நின்றதும் விழித்துக்கொண்டு, பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கூப்பிட்டுப் பார்ப்பார்.

ஒருநாள் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டார்.

“ஏஞ் சாமி, கடைசி வரைக்கும் இங்கயே இருந்துக்கட்டுமா?”

“இருங்கப்பா. உங்கள ஆரு போவச் சொன்னாங்க?”

“அதில்ல சாமி. உசுரு போறப்ப...”

“என்ன பேச்சுங்கப்பா இது? வாயத் தொறங்க, கஞ்சி ஆறுது.”

அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. அவர் கேட்க வந்தது அம்மாவுக்குப் புரியாமலும் இல்லை. கட்டிக்கொடுத்த மகளின் வீட்டில் தகப்பன் உயிர் போனால் மகனுக்குத் தலைகுனிவு. பாடை மகன் வாசலிலிருந்துதான் கிளம்ப வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

மார்கழியில் ஒரு காலை அவருக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. டாக்டருக்கு முன்னால் வாடகைக் கார் வந்தது. அப்புச்சியைப் பின்சீட்டில் அம்மாவின் தோளில் சாய்த்து உட்கார வைத்தார்கள். எனக்கு ஜன்னலோரம்.

“எங்க சாமி போறோம்?”

“ஆசுபத்திரிக்குங்கப்பா.”

அவிநாசிபாளையம் தாண்டியதும் கண்ணைத் திறந்து வெளியே பார்த்தார். அவர் மாட்டுவண்டி ஓட்டித் திரிந்த சாலை அது.

“ஆசுபத்திரி இந்தப் பக்கம் இல்லியே, அம்மிணி.”

அம்மா முந்தானையால் அவர் வாயைத் துடைத்துவிட்டாள்.

எனக்கும் இப்போது கட்டிக்கொடுத்த மகள் இருக்கிறாள். அவள் வீட்டில் இருக்கும்போது லேசாகத் தலை சுற்றினாலும் அவளுக்குத் தெரியாமல் சுவரைப் பிடித்துக்கொள்கிறேன்.

மாமன் வீட்டு வாசலில் கட்டில் தயாராகப் போட்டிருந்தது. சொந்தக்காரர்கள் முன்பே வந்து கூடியிருந்தார்கள். இறக்கப் போனபோது அப்புச்சி முன்சீட்டின் விளிம்பை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டார். “உடுங்க மாமா, உங்க ஊடு வந்துருச்சுங்க” என்று சொல்லிக்கொண்டே அப்பா அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. காரை விட்டு இறங்க என்னைப் போலவே அவருக்கும் மனசில்லை என்று நினைத்தேன்.