கட்டாத முடிச்சையும் வாசித்தவர்

மாட்டு மணி கேட்டதும் என் வீட்டுக்காரி செல்லாயி உப்பும் கருவாடும் வாங்கக் கூடையை எடுத்துக்கொண்டு நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசைக்கு வெளியே போனாள். சற்று நேரத்தில் வெறும் கூடையோடு திரும்பி வந்தாள். பொதிமாடுகளை ஓட்டி வந்தவர் மீரான் நானா இல்லை, அவருடைய மச்சான். நானா மௌத்தாகிவிட்டார், சொந்த ஊர் மடவளையிலேயே அடக்கிவிட்டோம் என்று அவர் சொன்னாராம். அன்று கஞ்சியை உப்பில்லாமல் குடித்தோம்.

வத்தேகமப் பாதையில் உள்ள கோப்பித் தோட்டங்களில் அவரைத் தெரியாதவர் இல்லை. வயதில் என்னைவிடச் சிறியவர். ஆனாலும் நாம் எல்லோரும் அண்ணன் முறை வைத்து நானா என்றே கூப்பிட்டோம். லயத்துச் சனங்களே, உங்களுக்கு அவர் மிளகாயும் புளியும் கொண்டுவந்த வியாபாரி. எனக்கு அவர் யார் என்பதை எழுதப் பார்க்கிறேன். சென்ற மழைக்காலத்தில்தான் எழுத்துப் படித்தேன். ஒரு வரி எழுத வெகு நேரம் ஆகிறது. அவரைப் பற்றி எழுதும்போது அந்த நேரம் எனக்கு இனிக்கிறது.

பல வருடங்களுக்கு முன் எனக்கு நீர்க்கடுப்பு வந்தது. ஓர் ஆண்டு கடந்தும் விடவில்லை. அடிவயிற்றில் தணலை வைத்துக் கட்டியதுபோல் இருக்கும். போய் வந்தால் கொஞ்சம் ஆறும், உடனே மறுபடி பிடிக்கும். கோப்பிப் பழம் உரிக்கும் யந்திரத்தில் எனக்கு வேலை. அதை விட்டுவிட்டு மணிக்கு நாலு தடவை ஓடுவேன். "நீ நிக்கிற பக்கந்தான்யா செடி நல்லாக் காய்க்குது" என்று கங்காணி முதலில் கேலி செய்தார். பிறகு கேலி நின்றது. அடுத்த அறுவடைக்குள் குணமாகாவிட்டால் உன்னைக் கடல் தாண்டி அக்கரைக்குத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான் என்றார்.

செல்லாயியிடம் சொன்னேன். அவள் அடுப்பைப் பார்த்தபடியே, "நீங்க போங்க. நான் வரல" என்றாள். எங்கள் இரண்டு பிள்ளைகளையும் ஓடைக்கு மேலே புதைத்திருந்தோம். அடையாளத்துக்கு இரண்டு கல் நட்டிருந்தோம். அவள் அவ்விடத்தை விட்டு வரமாட்டாள். அவளை விட்டு எனக்கும் போக முடியாது.

நானாவிடம் நான் சொன்னது நோவை மட்டும்தான். கற்களைப் பற்றிச் சொல்லவில்லை. அவர் மாட்டின் பொதியை இறக்காமலே நின்று கேட்டார். "நான் வைத்தியன் இல்ல. முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க. நீர்ப்பையில கல் ஈக்கா இல்லயா என்டு பார்க்கச் செல்லுங்க" என்றார். சொல்லுங்க என்பது அவர் பேச்சில் செல்லுங்க. பட்டணத்துக்குப் போனேன். டாக்டர் கம்பி விட்டுப் பார்த்துக் கல் இல்லை என்றார். அந்த நோவை எழுத என்னிடம் எழுத்து இல்லை.

கல் இல்லை என்று கேட்டதும்தான் நானா தன் வழியைச் சொன்னார். மிளகாய், புளி, தேசிக்காய் என்கிற எலுமிச்சை, கருவாடு எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். கஞ்சி, பாசிப்பயறு, பூசணிக்காய், தேங்காய்ப்பால் போதும். குணமானால் ஆறு நாளுக்கு ஒரு பொருளாகத் திரும்பச் சேர்க்கலாம். செல்லாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மிளகாய் விக்கிற ஆளே மிளகாய் வேண்டாங்கிறாரே, இவர் யாவாரம் எப்படி வெளங்கும் என்றாள். "ஒரு வீடு வாங்காட்டி என் மாட்டுக்குச் சுமை குறையும் புள்ள" என்றார் நானா.

என்ன தின்றேன், எப்படி இருந்தது என்பதை நான் மறந்துவிடுவேன் என்று அவருக்குத் தெரியும். அப்போது என்னைப்போல அவருக்கும் எழுத்துத் தெரியாது. அதனால் பொதி கட்டும் கயிறு ஒன்றைத் தந்தார். நோவில்லாத நாளுக்கு ஒற்றை முடிச்சு, நோவு வந்த நாளுக்கு இரட்டை முடிச்சு. புதிதாக ஒன்றைச் சேர்த்தால் அதில் ஒரு துணுக்கை முடிச்சுக்குள் வைத்துக் கட்ட வேண்டும்.

அடுத்த முறை அவர் வந்தபோது கயிற்றைக் கொடுத்தேன். தஸ்பீஹ் மணி உருட்டுகிற விரல்களால், கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாகத் தடவிக்கொண்டே போனார். முதலில் இரட்டை, பிறகு ஒற்றை, ஒற்றை, ஒற்றை. ஓரிடத்தில் விரல் நின்றது. அங்கிருந்து மறுபடியும் எல்லாம் இரட்டை.

"இங்க என்ன சேர்த்தீங்க?"

"ஒண்ணுமில்லீங்க நானா. சத்தியமா கஞ்சிதான்."

"இன்னொண்டு ஈக்குது. நீங்க கட்டல்ல. கயிறு செல்லுது."

அன்றைக்கு வேலை என்ன என்று கேட்டார். யந்திரம் ஓடத் தொடங்கிய நாள் அது என்றேன். அங்கே என்ன குடிப்பீர்கள் என்றார். தண்ணீர்தான் என்றேன். சொல்லும்போதே எனக்கு உறைத்தது. யந்திரம் ஓடினால் ஓடைத் தண்ணீர் பழத்தோல் நாற்றம் நாறும். அதனால் உடைந்த கோப்பிக் கொட்டையை வறுத்துப் போட்டு ஒரு பெரிய பானையில் கொதிக்க வைத்து, நாள் முழுவதும் அதையே குடிப்போம். அதை நாங்கள் கோப்பி என்று நினைத்ததே இல்லை. அதுதான் எங்களுக்குத் தண்ணீர். கட்டாத முடிச்சை அந்த மனிதர் விரலால் வாசித்துவிட்டார்.

யந்திரத்துக்கு மேலே உள்ள ஊற்றிலிருந்து செல்லாயி தண்ணீர் கொண்டுவந்தாள். கோப்பிக்குப் பதிலாகச் சிறுபூளையைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொன்னார் நானா. குண்டசாலைப் பக்கத்துச் சிங்களவர் அதைப் பொல்பலா என்பார்கள். பொங்கலுக்கு நாங்கள் கூரையில் செருகும் அதே செடி. அது நோவைத் தீர்க்குமா என்று கேட்டேன். "மருந்தா, வெறும் சுடுதண்ணியா, எனக்குத் தெரியா. கோப்பையை வெறுமையா வெச்சா நீங்க மறுபடி கோப்பிய ஊத்துவீங்க" என்றார்.

கோப்பி நின்றதும் முடிச்சுகள் மறுபடி ஒற்றையாயின. திரும்பச் சேர்த்தபோது மிளகாயும் புளியும் இரட்டை முடிச்சாகவே வந்தன. கருவாடு ஒற்றை முடிச்சோடு திரும்பி வந்தது. செல்லாயி அன்று இரண்டு துண்டு அதிகமாகச் சுட்டாள். நோவு முழுவதும் போகவில்லை, குளிர் மழையில் இன்னும் எட்டிப் பார்க்கும். ஆனால் அறுவடை முடியும்போது அரை நாள் எங்கும் ஓடாமல் யந்திரத்தடியில் நின்றேன். கங்காணி அக்கரைப் பேச்சை விட்டுவிட்டார்.

இதை உங்களில் யாரிடமும் நான் சொன்னதில்லை. அந்த அறுவடையின் கடைசி நாளில் யந்திரத்தடியிலிருந்து பார்த்தேன். நானா பாதையை விட்டு விலகி ஓடைக்கு மேலே ஏறினார். மாடுகளைக் கட்டிவிட்டு அந்த இரண்டு கற்களின் முன் இரு கைகளையும் ஏந்தி நின்றார். நான் சொல்லவில்லை. செல்லாயியும் சொல்லவில்லை. அதைப் பற்றி அவர் கடைசி வரை என்னிடம் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்தக் கயிறு என் தலைமாட்டில் தொங்குகிறது. காலையில் சிறுபூளைத் தண்ணீர் குடிக்கிறேன். இவை நான் வைத்திருப்பவை. ஏந்திய அந்த இரண்டு கைகளையும் வைத்திருக்கிறேன்.

நாளை மடவளைக்கு நடந்து போகிறேன். வழியில் எத்தனை இடத்தில் ஒதுங்குவீர்கள் என்று செல்லாயி கேட்கிறாள். இரண்டு போதும் என்றேன். நானாவின் மண்ணருகே நானும் கைகளை ஏந்தி நிற்பேன். என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியாது. சொல்லாததை வாசிக்க அவருக்குத் தெரியும்.