சவேலி அடைத்த குழாய்

சவேலி திமோஃபேயிச்சுக்கு எங்கள் குடியிருப்பில் இரண்டு பெயர்கள் உண்டு. நேரில், தகப்பன் பெயரால், திமோஃபேயிச். முதுகுக்குப் பின்னால் 'கொதிகலன் மாமியார்'. குற்றம் கண்டுபிடிக்காமல் அந்த மனுஷனுக்கு ஒரு நாள் விடிந்ததில்லை. ஆறு அடுக்குமாடிக் கட்டடங்களுக்கும் ஒரு பள்ளிக்கூடத்துக்கும் சூடு அனுப்பும் நிலக்கரிக் கொதிகலனுக்கு அவர்தான் மேஸ்திரி. அவர் ஏவினால் கரி அள்ளிப் போடுகிறவன் நான்.

எங்களுக்கு வருஷம் என்றால் நெருப்பு எரிகிற காலம், எரியாத காலம், அவ்வளவுதான். மே மாதம் அணைத்ததும் சவேலி கொதிகலனுக்குள் தவழ்ந்து போய்ப் புகைக்கரியைச் சுரண்டுவார், இடிந்த செங்கலை மாற்றுவார். பிறகு தண்ணீரை அழுத்தி ஏற்றி, அழுத்தமானியின் முள் இறங்குகிறதா என்று கண் கொட்டாமல் பார்ப்பார். முள் இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். முதலில் கொதிகலன், அதன்பின் ஒவ்வொரு கட்டடத்துக்கும் மண்ணுக்கடியில் போகும் குழாய் என்று எல்லாவற்றையும் இப்படிச் சோதிக்க வேண்டும்.

அவருக்குப் பரம எதிரி சுண்ணாம்பு. எங்கள் கிணற்று நீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். கொதிகலனில் அப்படிப் படிந்தால் இரும்பு காய்ந்து ஒரு நாள் வெடிக்கும். அதனால் சுண்ணாம்பை நீக்கிப் பதமாக்கிய தண்ணீரைத்தான் ஊற்றுவோம். அது வீடுவீடாக, அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர்களைச் சுற்றிவிட்டுத் திரும்பி வரவேண்டும். ஆனால் எங்கள் ஜனம் சும்மா இருக்குமா? வீடுகளில் வெந்நீர் வசதி கிடையாது. ரேடியேட்டரிலோ சுடச்சுடத் தண்ணீர், துணி பளிச்சென்று வெளுக்கும். ஒரு திருகுகுழாயை மாட்டி வாளி வாளியாகப் பிடித்துவிடுவார்கள். குறைந்ததை ஈடுகட்ட பதமாக்க நேரமில்லாமல் நாங்கள் கிணற்று நீரை அப்படியே ஊற்றியாக வேண்டும்.

சவேலி வாலிபராக இருந்தபோது ஒரு ஜனவரியில் கொதிகலன் அப்படித்தான் வெடித்தது. ரேடியேட்டர்கள் உறைந்து பிளந்தன. குழந்தைகளைப் பக்கத்து ஊர்ப் பள்ளியில் படுக்க வைத்தார்கள். அவருடைய மகளுக்கு அன்று பிடித்த நெஞ்சுச்சளி இன்னும் விட்டபாடில்லை. அவர் கடுமைக்குக் காரணம் இல்லாமல் இல்லை.

நான் சொல்ல வந்த வருஷத்தில், ஆகஸ்ட் கடைசியில், நாலாம் கட்டடத்துக்குப் போகும் குழாய் ஒன்றுதான் சோதிக்க மீதி இருந்தது. வானம் இருண்டு நின்றது. ஊரே மண்வெட்டியோடு உருளைக்கிழங்கு வயலில் கிடந்தது.

"மழ புடிச்சா கெழங்கு அழுகிரும் கேஷா," என்றார் சவேலி. "அப்புறம் பனியில இந்தக் குழாயவா வேகவச்சுத் திங்கிறது? போன வருஷம் நல்லாத்தான இருந்துச்சு. வா போலாம்."

என் கிழங்கும் மண்ணில்தான் இருந்தது. கால் தரையில் பாவாமல் ஓடினேன்.

நவம்பரில் தண்ணீர் குறைய ஆரம்பித்தது. எவ்வளவு ஊற்றினாலும் போதவில்லை. திருட்டுத்தான் என்று சவேலி அடித்துச் சொன்னார். இதற்கென்றே இருக்கும் பச்சைச் சாயத்தைத் தண்ணீரில் கலந்தார். பிடிப்பவர்கள் கையும் களவுமாக மாட்டுவார்கள் என்பது கணக்கு.

மாட்டியது கிளாவா. நாலாம் கட்டடத்துக்காரி. கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த அவள் கணவன் ரோதியோன் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாக இருந்தான். ரொட்டிக்கடை வரிசையில் காசு கொடுக்கக் கையுறையைக் கழற்றினாள். மணிக்கட்டு வரை பச்சை.

"என்னடி, தவள புடிக்கப் போனியா?" என்று பின்னால் யாரோ சிரித்தார்கள்.

சவேலி வரிசையை விட்டு வந்தார். "கைய மறைக்காத கிளாவா. எல்லாரும் பாக்கட்டும்."

"ரோதியோனத் தொடைக்கத்தான் திமோஃபேயிச். ஒரு வாளிதான்..."

"அவனென்ன மாப்பிள்ளையா, தெனம் குளிப்பாட்ட? ஒன் வீட்டுச் சுத்தத்துக்கு ஊரு பூரா வெறைச்சுச் சாகணுமா?"

கடையே சிரித்தது. ரொட்டியை வாங்காமல் கிளாவா வெளியே போனாள்.

அன்று மதியமே கருவிகளைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனோம். சமையலறை முழுக்க ஈரப் படுக்கைவிரிப்புகள் தொங்கின. திரைக்குப் பின்னால் ரோதியோன் முனகுவது கேட்டது. அவனைப் பார்க்க யாரும் வந்து ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கும். நோயாளி என்று எல்லோருக்கும் தெரியும், படுக்கையில் கிடக்கும் ஒருவனுக்கு ஒரு நாளைக்கு எத்தனை முறை விரிப்பு மாற்ற வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை.

"முதுகெல்லாம் புண்ணு திமோஃபேயிச். என் கரண்ட் அடுப்புல ஒரு தட்டுதான் எரியுது. சாயங்காலமானா கரண்ட்டும் மங்கிருது. தண்ணி சுடறதுக்குள்ள..."

"ஒருத்தருக்கு விட்டா நாளைக்கு நூறு பேரு கேப்பான்."

அது பொய்யில்லை, அதுதான் கொடுமை. திருகுகுழாயைக் கழற்றி அடைப்பானை இறுக்கி, மேலே ஒரு பொட்டு வெல்டிங்கும் வைத்தார். கிளாவா திரைக்குப் பின்னால் ரோதியோனிடம் போய்விட்டாள்.

தண்ணீர் குறைவது நிற்கவில்லை. சவேலி வேறு வீடுகளில் திருடர்களைத் தேடினார். பிப்ரவரியில் ரோதியோன் செத்துப்போனான். புண்ணிலிருந்து ரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது என்று நர்ஸ் சொன்னாள். மண் இரும்பாக உறைந்திருந்ததால் குழி வெட்ட முதலில் அதன்மேல் நெருப்பு மூட்ட வேண்டியிருந்தது. அதற்குக் கரி நாங்கள்தான் கொண்டுபோனோம். அடக்கத்துக்குப் பிறகு கிளாவா எல்லோருக்கும் அப்பமும் தேநீரும் கொடுத்தாள், சவேலிக்கும்தான். முகத்தைப் பார்க்காமல் கொடுத்தாள்.

ஏப்ரலில் பனி உருகியது. நாலாம் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில், அழுக்குப் பனிக்கு அடியில், பனிக்கட்டி பச்சையாக இருந்தது. முதலில் பார்த்தது நான். போய்ச் சொன்னேன். சவேலி வந்து குனிந்து ஒரு துண்டை உடைத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். அது உருகி விரல் வழியாக வழிந்தது.

மண்ணைத் தோண்டினோம். ஆகஸ்டில் சோதிக்காமல் விட்ட அதே குழாய்தான். இணைப்பு ஒன்றில் கட்டைவிரல் நுழைகிற ஓட்டை. ஒழுகிய தண்ணீர் மேலே வராமல் பழைய வடிகாலில் இறங்கி, குளிர்காலம் முழுக்கப் பள்ளத்துக்குப் போயிருக்கிறது.

சவேலி சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இதுல அரை நாள்ல போற தண்ணிய அவ வருஷம் பூரா புடிச்சிருக்க மாட்டா," என்றார். பிறகு கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, "கெழங்குக்குப் போனேனேடா," என்றார்.

எனக்கு அவர்மேல் கோபம் பொங்கியது. அழுகிற ஆளைத் திட்டவும் வாய் வரவில்லை.

மறுநாள் கிளாவாவின் கதவைத் தட்டினார். நானும் கூட நின்றேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவளை முழுப் பெயரில், தகப்பன் பெயரோடு கூப்பிட்டார்.

"கிளாவ்தியா இக்னாத்யெவ்னா, தப்பு என்னோடது. மண்ணுக்குள்ள குழாய்ல ஓட்ட. ஆகஸ்ட்ல பாக்காம விட்டவன் நான். உங்க தண்ணியால ஒண்ணும் கெட்டுப்போகல."

அவள் கதவைப் பிடித்தபடி கேட்டாள். "கடையில வச்சுத்தான பேசுனீங்க? இதையும் அங்கயே வந்து சொல்லுங்க."

சொன்னார். காலை வரிசையில், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். கிளாவா அவருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. "விடு திமோஃபேயிச், மழைக்கு முன்னாடி யாருதான் கெழங்கு தோண்டப் போகல?" என்றார் ஒருவர். மற்றவர்களும் தலையாட்டினார்கள். அவ்வளவு சுலபமாக மன்னித்துவிட்டார்கள். சவேலிக்கு அதைத் தாங்க முடியவில்லை. சட்டைப் பைக்குள்ளிருந்து ஒரு புதுப் பித்தளைத் திருகுகுழாயை எடுத்தார்.

"சாயங்காலம் வந்து மாட்டித் தர்றேன். எத்தன வாளி வேணும்னாலும் புடிங்க. யாரும் ஒரு வார்த்த கேக்க மாட்டாங்க."

கிளாவா ரொட்டியைப் பையில் வைத்தாள். முதல் முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"எதுக்கு திமோஃபேயிச்? எனக்கு ஒருத்திக்கு ஒரு சட்டி வெந்நீர் போதும்."