ஏற்றிக் கொடுத்த இருமல்

மின்சாரம் ஒழுங்காக வந்துகொண்டிருந்த கடைசி வருடங்களில் நெல்லியடியில் ஓர் ஒலிப்பதிவுக் கடையில் வேலை செய்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆட்களின் முகத்தைப் பார்த்துப் பேசக் கூசுவேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஊசிகள் துள்ளுவதைப் பார்த்து, எந்தச் சத்தம் எந்தக் குமிழுக்கு அடங்கும் என்று கண்டுபிடிப்பது மட்டும் எனக்கு நன்றாக வந்தது.

உடுப்பிட்டிக்காரன் ஒருவன் கசெற் ஒன்று கொண்டுவந்தான். அவனுடைய மாமனார் ஜெர்மனியிலுள்ள தன் மகனுக்குப் பேசிப் பதிந்த கடிதம் அது. அந்த மகனின் அக்காவைக் கட்டியிருந்த இவன், மாற்றுச் சம்பந்தமாகத் தன் தங்கையை அவனுக்குக் கட்டிவைக்க நின்றான். மகனோ பிடிகொடுக்கவில்லை.

போட்டுக் கேட்டேன். “அந்தப் பிள்ளையைக் கட்டு மோனை. விருப்பமில்லாட்டி விடு. நான் சுகமாய் இருக்கிறன்” என்றார் கிழவர். இடையில் இரண்டு தரம் இருமினார். வெறும் சுருட்டு இருமல்.

“கடைசி ரெண்டு கதையையும் எடுத்துப்போட்டு இருமலை ஏத்தும்” என்றான் உடுப்பிட்டிக்காரன்.

“எவ்வளவு?”

“ஆள் இழுத்துக்கொண்டு கிடக்கிற மாதிரி. எக்கோவும் கொஞ்சம் விடும். கோயில் ஸ்பீக்கர் மாதிரி இல்லை, ஐசே!”

கச்சான் கொட்டையை மென்றபடி தானே சிரித்தான். நான் சிரிக்கவில்லை. ஆனாலும் செய்தேன். வேறு நாடாவுக்கு மாற்றும்போது அந்த இரண்டு வசனங்களிலும் பதிவை நிறுத்திப் பிடித்தேன். இருமல் வந்த இடங்களில் குமிழ்களைத் தள்ளினேன். மூச்சுக்குக் கீழே கரகரப்பு எழுந்தது.

“அருமை! மனுசன் போய்ச் சேர்ந்திட்டார்” என்று என் முதுகில் தட்டினான். அவன் கையில் ஒட்டியிருந்த கச்சான் தோல் என் சேட்டில் அப்பியது.

இரண்டு மாதம் கழித்துக் கிழவரே கடைக்கு வந்தார். நிமிர்ந்த நடை. மகனின் பதில் கசெற் கையில் இருந்தது.

“மருமோன் வீட்டிலை இல்லை. எனக்கு உந்தப் பெட்டி போடத் தெரியாது. ஒருக்காப் போடு தம்பி.”

மகன் அழுதுகொண்டே பேசினான். “ஐயா, உங்கடை இருமலைக் கேட்டதிலையிருந்து நித்திரையில்லை. உங்கடை கடைசி ஆசையெண்டால் அந்தப் பிள்ளையையே கட்டுறன். என்னை விட்டிட்டுப் போயிடாதேங்கோ.”

கிழவர் என்னைப் பார்த்தார்.

“கடைசி ஆசையோ? விருப்பமில்லாட்டி விடு எண்டெல்லே சொன்னனான். சத்தம் சரிபார்க்கவெண்டு மருமோன் உன்னட்டைத்தானே கொண்டந்தவர். நீ கேட்டிருப்பாய், நான் அப்பிடிச் சொல்லேல்லையோ?”

என் கண் தரையை விட்டு எழவில்லை.

“இல்லை ஐயா. கட்டு எண்டுதான் கிடந்தது.”

கிழவர் பெட்டியின் பக்கம் திரும்பினார்.

“அப்ப நான்தான் மறந்துபோனன். வயசு போட்டுது, குறை நினையாதை.” என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்! “பொடியன் அழுறான். அந்த இடத்தை இன்னொருக்காப் போடு.”

நாடாவைப் பின்னுக்குச் சுற்றிப் போட்டேன். தலையைச் சரித்து, மகன் அழுது முடியும்வரை கேட்டுக்கொண்டு நின்றார்.