ஏச்சில்லாத மின்னஞ்சல்

கிளிநொச்சியில் எங்கள் வீட்டுக்கே ஒரு மின்னஞ்சல் முகவரிதான். மகளை வேலைக்கான நேர்முகத்துக்கு அழைக்கும் கடிதமும் அதற்குத்தான் வரவேண்டும். அதனால் நான் அடிக்கடி திறந்து பார்ப்பேன்.

ஒருநாள் கனடாவிலிருக்கும் மனைவியின் அண்ணனிடமிருந்து ஒன்று வந்திருந்தது. "அன்புச் சகோதரி, நீங்கள் நலமா? எங்கள் புதுவீட்டுப் படங்களைக் காண இணைப்பை அழுத்தி, உங்கள் மின்னஞ்சலின் கடவுச்சொல்லை இடுங்கள்." சத்தமாக வாசித்தபடியே அழுத்தி, கடவுச்சொல்லில் பாதியை அடித்துவிட்டேன்.

குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த மனைவி, "நில்லுங்கோ. அண்ணன் எண்டைக்கு என்னை 'நீங்கள்' எண்டவர்?" என்றாள்.

"வெளிநாட்டிலை இருந்தால் மரியாதை வரும்தானே."

"அவருக்கு வராது."

உடனே அண்ணனுக்குத் தொலைபேசி எடுத்தாள். அவர் கத்தியது எனக்கும் கேட்டது: "எடியே விசரி, அது நானில்லை. என்ரை மெயிலை ஆரோ களவெடுத்திட்டாங்கள். உன்ரை மனுசனைக் கவனமாப் பார், அந்தாள் எதையும் அமத்தும்."

"ஓம், இதுதான் அண்ணன்" என்று மனைவி நிம்மதியானாள். அடித்த பாதியை நான் அழித்தேன்.

அடுத்த கிழமை மகளுக்கான நேர்முகக் கடிதம் வந்தது. அதன் தலைப்பிலும் 'நீங்கள்' என்றுதான் இருந்தது. அந்த அலுவலகத்துக்கே தொலைபேசி எடுத்துக் கேட்ட பிறகுதான் மனைவி திறக்கவிட்டாள்.