பப்பாளிக்கு மாட்டிய கண்ணாடி

எனக்குப் பிறந்ததிலிருந்தே வலக்கண் மங்கல். இடக்கண்ணை வைத்துத்தான் பிழைப்பு. அதுவும் தடித்த மூக்குக்கண்ணாடியின் தயவில். இப்படிப்பட்ட ஆளை ஏர்சாஃப்ட் விளையாட அழைத்தவள் என் மனைவி.

அவள் ஆற்றுக்கு அக்கரையில், தன்லியின் என்ற பர்மிய ஊரில் ஒரு தையல் ஆலையில் மேற்பார்வையாளர். அவளும் உடன் வேலை செய்பவர்கள் சிலரும் ஞாயிறுகளில், மூடிக் கிடந்த ஒரு கிடங்கை வாடகைக்குப் பிடித்து, பொம்மைத் துப்பாக்கியால் பட்டாணி அளவு பிளாஸ்டிக் குண்டுகளை ஒருவர்மேல் ஒருவர் சுட்டு விளையாடுவார்கள். குண்டு பட்டவர் தாமே கையைத் தூக்கிவிட்டு வெளியேற வேண்டும். வீட்டில் பல்லியைக் கண்டால் என்னைக் கூப்பிடுகிறவள் அங்கே குறி தப்பாதவள் என்று கேள்விப்பட்டேன். நேரில் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

"வாங்க. ஆனா முதல்ல கண்ணுக்கு நல்லதா ஒண்ணு வாங்குங்க," என்றாள். அவளிடம் முகம் முழுக்க மூடும் கவசம் இருந்தது. அதன் விலைக்கு ஒரு மின்விசிறி வாங்கலாம். தவிர, அதற்குள் என் மூக்குக்கண்ணாடி நுழையவில்லை.

மறுநாள் நடைபாதைக் கடையில் வளைந்த கறுப்புக் கூலிங் கிளாஸ் ஒன்றைப் பார்த்தேன். "அகோ, இது உடையவே உடையாது" என்று கடைக்காரர் என்னை அண்ணனாக்கி, பர்மிய மொழியில் சத்தியம் செய்யாத குறைதான். என் கண்ணாடிக்கு மேல் ஒருமாதிரி நின்றது. மலிவு. வாங்கிவிட்டேன்.

மனைவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சமையலறையிலிருந்து ஒரு பப்பாளியை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள். சுவரோரம் பழத்தை நிறுத்தி, அதற்குக் கண்ணாடியை மாட்டினாள். தன் கவசத்தை அணிந்துகொண்டு, என்னைக் கதவுக்கு உள்ளே நிற்கச் சொன்னாள். ஒரே குண்டு. கூலிங் கிளாஸ் பிளந்து, ஒரு சில்லு பழத்தில் செருகி நின்றது. என் இடக்கண் கூசியது.

"இது பப்பாளி," என்றாள்.

அந்த வாரமே பசுந்தாங் பகுதியில் பட்டறைச் சாமான்கள் விற்கும் கடைக்குப் போனோம். இரும்பு ராவுகிறவர்கள் போடும் கண்ணாடிகள் கொத்தாகத் தொங்கின. விளையாட்டுச் சாமான் கடையில் சொன்ன விலையில் கால்வாசிகூட இல்லை. பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் மனைவி மதிக்கவில்லை. வேகமாக மோதுவதைத் தாங்கும் என்ற முத்திரை லென்ஸிலேயே இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மாட்டிய பிறகு பக்கவாட்டில் விரல் நுழைந்தால், அது வேண்டாம். கடைசியில் என் மூக்குக்கண்ணாடியையும் சேர்த்து மூடி, முகத்தோடு ஒட்டிக்கொண்ட ஒன்று அகப்பட்டது. கடைக்காரப் பெண்மணி ஆடியை நீட்டினார். உள்ளே ஒரு தவளை இருந்தது.

இரண்டு வாங்கினோம், ஒன்று சோதனைக்கு. அன்று மாலை இன்னொரு பப்பாளி. கிட்டத்தில் நின்று சுட்டும் லென்ஸில் லேசான கீறல்கள்தான். பழத்தைச் சாப்பிட்டோம்.

முதல் ஆட்டத்தன்று நல்ல மழை. கிடங்குக்குள் ஒரே புழுக்கம். நான் ஓடிப்போய் ஒரு பீப்பாய்க்குப் பின்னால் பதுங்குவதற்குள் லென்ஸின் உட்புறம் ஆவி படர்ந்துவிட்டது. எதுவும் தெரியவில்லை. கை தானாகக் கண்ணாடியின் பட்டைக்குப் போனது. ஒரு துடைப்புத்தானே என்று நினைத்தேன்.

"கழட்டாதீங்க!" எங்கிருந்தோ அவள் குரல்.

கையை இறக்கினேன். அந்தக் கணமே இடக்கண்ணுக்கு நேர் முன்னால் 'டக்' என்றது. லென்ஸ் அதிர்ந்தது, வலி இல்லை. கையைத் தூக்கி, சுவரைத் தடவிக்கொண்டு வெளியே போனேன். அவளும் ஆட்டத்தை விட்டு ஓடிவந்து, என் கண்ணாடிகளைக் கழற்றி, முகத்தை இரு கைகளாலும் பிடித்து இடக்கண்ணையே பார்த்தாள்.

பாத்திரம் கழுவும் சோப்பை ஒரு துளி தடவி, மெல்லிய துணியால் துடைத்துவிட்டால் ஆவி அவ்வளவாகப் படிவதில்லை என்று பிறகு தெரிந்துகொண்டோம். மூக்குக்கண்ணாடிக்கும் அதே வைத்தியம்தான்.

இன்னொரு ஞாயிறு, அடுக்கிய டயர்களுக்கு மேல் ஒரு முழங்கை எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. சுட்டேன். முழங்கை உயர்ந்தது, அதைத் தொடர்ந்து என் மனைவி எழுந்து, கையைத் தூக்கியபடி வெளியே நடந்தாள்.

வீடு திரும்பும்போது, பஸ் ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"தற்செயலாப் பட்டது," என்றாள்.

நான் மறுக்கவில்லை.