அக்கா ரிவர்ஸ் எடுத்த மூன்று நிமிடம்

இன்று மதியம் ஜார்ஜ் டவுனில் ஓர் ஆவணப்படம் பார்த்தேன். நம் ஊரின் சாதாரண நாள் ஒன்று, அவ்வளவுதான். கதை இல்லை, பின்னணிக் குரல் இல்லை. பசார் கூரையில் மழை பெய்வதையே வெகுநேரம் காட்டினார்கள். முன்வரிசையில் ஒருவர் குறட்டை விட்டார்.

பிறகு ஒரு குறுகலான சந்து வந்தது. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு ஆள் ஏற்றிப்போகும் ஃபேக்டரி பஸ் பின்பக்கமாக உள்ளே வருகிறது. ஒரு பக்கம் கடைத் தூண்கள், மறுபக்கம் வரிசையாக மோட்டார் சைக்கிள்கள். ஓட்டுநர் இருக்கையில் என் அக்கா!

கேமரா அசையவே இல்லை. அக்கா மெதுவாக ஸ்டீயரிங்கை ஒடித்து, எதிலும் உரசாமல் ஒரே முயற்சியில் பஸ்ஸை நுழைத்துவிட்டாள்.

அரங்கமே கைதட்டியது. குறட்டைக்காரரும்தான்.

படம் முடிந்ததும் ஒருவர் இயக்குநரிடம் கேட்டார். "இந்த சீனுக்கு எத்தன டேக் எடுத்தீங்க?"

"ஒண்ணுதாங்க. ஓட்டுன அக்கா இங்கதான் இருக்காங்க."

என் பக்கத்திலிருந்த அக்கா கூச்சத்தோடு எழுந்தாள். "தெனமும் செய்றதுதானே லா. இதுக்கெல்லாமா தட்டுவாங்க?"

மறுபடியும் கைதட்டல். கடைசியாக நிறுத்தியது நான்தான்.

வெளியே வந்ததும் அக்கா சிரித்துக்கொண்டே கேட்டாள். "இனிமேலாச்சும் நான் பஸ் ஓட்டுறேன்னு எல்லார்கிட்டயும் சொல்லுவியா?"

சுருக்கென்றது.

'அக்கா ஃபேக்டரியில வேலை செய்றாங்க' என்று இத்தனை வருஷமாக நான் சொல்லிக் கேட்டவர்கள் எல்லாம் இங்கே கையைத் தூக்குங்கள். ஒரு திருத்தம் இருக்கிறது.

அந்த ஃபேக்டரியே என் அக்கா பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறது.